பகல் 12.40இல் ஒரு ஆட்டின் கண்

பகல் 12.40. அக்கா வீட்டுக் கிணற்றடியில் கட்டியிருந்த மறியாடு பூவரசங்குழையை மென்றபடி என்னைப் பார்த்தது. மஞ்சள் நிறக் கண்ணின் நடுவே வட்டத்தைக் காணவில்லை. மட்டம் வைத்து இழுத்ததுபோல் கிடையாக ஒரு கறுப்புக் கோடுதான் இருந்தது.

கொப்பியில் வட்டமாகப் போட்டிருந்ததை அழித்தேன். முப்பது வருடம் பத்திரிகையில் மற்றவர்கள் எடுத்த படங்களுக்கு விளக்கம் எழுதியவன் நான். ஓய்வு பெற்ற பிறகுதான் பென்சில் பிடித்தேன். இணுவிலில் அக்கா வீட்டுக் கோழி, பசு, ஆடு என்று ஒரு கொப்பி நிரம்பியதும், "ஆட்டுப்பால் உண்டு" என்று எழுதி, பக்கத்தில் ஒரு ஆடும் போட்டு, வாசல் படலைக்குப் பலகை செய்து தரச் சொன்னாள் அக்கா. நான் வரைந்த ஒன்று ஊர் பார்க்கத் தொங்கப்போவது அதுவே முதல் தடவை.

பசுவின் கண்மணியும் நீளவாட்டம்தான். கண் முழுவதும் கருமையாக இருப்பதால் தெரிவதில்லை. ஆட்டில் அது தெளிவாகத் தெரிந்தது. குழை எடுக்கத் தலை குனிந்தபோதும் கோடு சாயவில்லை, தரைக்குச் சமாந்தரமாகவே நின்றது. மூன்று தடவை குனியவைத்துப் பார்த்துவிட்டே பலகையில் பெயின்ற் வைத்தேன்.

அன்று பொழுதுபட்ட பிறகு வேலை முடிந்து வந்த அத்தான், முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த பலகைக்கு முன் நின்றார்.

"டேய் தம்பி, ஆட்டுக்குக் கண் கீறச் சொன்னால் உண்டியலுக்கு ஓட்டை வெட்டி வைச்சிருக்கிறாய்."

"ஆட்டின்ரை கண் உப்பிடித்தான் அத்தான்."

"ஆருக்குச் சொல்லுறாய்? இருபத்திரண்டு வருசமா ஆடு வளக்கிறன். வட்டக் கண். உதைப் படலையிலை தூக்கினால் சனம் சிரிக்கும். மாத்திக் கீறு, இல்லாட்டி நான் தூக்கமாட்டன்."

நான் அக்காவைப் பார்த்தேன்.

"என்னைக் கேளாதை. நான் மடியைப் பாத்துப் பால் கறக்கிறனான். கண்ணை ஆர் பாத்தது?"

எனக்குப் பழைய தொழில் ஞாபகத்துக்கு வந்தது. படம் எத்தனை மணிக்கு எடுத்தது என்று கேட்காமல் நான் விளக்கம் எழுதியதில்லை.

"அத்தான், எத்தினை மணிக்குப் பாத்தனீங்கள்?"

"என்னத்தை?"

"ஆட்டின்ரை கண்ணை."

அவர் யோசித்தார். கிளிநொச்சி பஸ் பிடிக்க விடியுமுன் புறப்படுகிறவர். அதற்கு முன் குழை போடுவார். ஆட்டைத் திரும்பக் காண்பது பொழுதுபட்டுத்தான். சனி, ஞாயிறு முழுவதும் வெங்காயத் தோட்டம்.

"பகலிலை நான் எங்கை வீட்டிலை நிக்கிறன்?" என்றார்.

"அப்ப போயா லீவுக்கு நில்லுங்கோ. வட்டமெண்டால் பலகையை நானே விறகுக்குக் கொத்துறன்."

பௌர்ணமி விடுமுறையான போயா அன்று அவர் தோட்டத்துக்குப் போகவில்லை. 12.40க்கு ஆடு அதே கிணற்றடியில், அதே வெயிலில் நின்றது. அத்தான் அதன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். ஒரு கண்ணைப் பார்த்தார். மற்றக் கண்ணையும் பார்த்தார். குழையை நிலத்தில் போட்டுக் குனியவைத்து, தானும் குந்தியிருந்து பார்த்தார்.

"உது எப்ப மாறினது?"

அக்கா வாளியை வைத்துவிட்டுச் சிரித்தாள். "நான் கலியாணம் கட்டி வந்த நாள் துவக்கம் உப்பிடித்தான். நீங்கள்தான் வீட்டிலை இல்லை."

"கண்ணை ஆர் பாத்தது எண்டு கேட்டது நீதானே?"

"அதுக்குப் பிறகு பாத்திட்டன்."

அத்தான் எழும்பி வேலியடிக்குப் போனார். "ஓய், ஓடி வாங்கோ! ஆட்டின்ரை கண்ணை உங்களிலை ஆரும் பாத்திருக்கிறியளோ?" என்று பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார். ஒரு மணிக்குள் ஐந்து பேர் வெயிலில் குனிந்து நின்றார்கள். வட்டம் என்று எல்லோரும்தான் நினைத்திருந்தார்களாம். கோடு சாயாததை அத்தானே, தான் கண்டுபிடித்ததுபோல், ஒவ்வொருவருக்கும் காட்டினார். பிறகு சுத்தியலை எடுத்துவந்து, என்னைத் தொடவிடாமல், பலகையைத் தானே படலையில் அடித்தார். நாலு ஆணி.

மாலை 6.35க்கு, லைற் போட முன், நான் கொட்டிலுக்குள் போய் அதே ஆட்டைப் பார்த்தேன். கண்மணி விரிந்து ஏறக்குறைய வட்டமாக இருந்தது.