ஐந்து பட்டாசுப் பெட்டிகளும் ஒரு மேஜையும்

சபையில் எழுந்து நின்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் சபைப் பத்திரிகைக்கு எழுதித் தருகிறேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நடுவில் என் களைப்பும் என் தப்பும்தான் அதிகம் இருக்கிறது.

என் கணவருக்கு எழுபத்து நான்கு வயது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசு லேபிள், காலண்டர் என்று முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தார். கடைசிப் பதினைந்து வருஷம் புரூஃப் திருத்துகிற வேலை. ஒரு புள்ளி விடுபட்டாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மகள் ஓசூரில் இருக்கிறாள்.

போன தீபாவளி சீசன் முடிந்த கையோடு அவருக்குப் பேச்சு தடுமாற ஆரம்பித்தது. கேட்டதையே திரும்பக் கேட்டார். நிமிஷத்துக்கு ஒரு தரம் பாத்ரூம் போனார். போகிற வழியில் இரண்டு முறை விழுந்தார். கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, காப்பியை நீட்டினேன். மரியாதையாக வாங்கிக்கொண்டு, "நீங்க பள்ளிக்கூடத்துல இருந்து வந்திருக்கீகளா? உக்காருங்க, எங்க வீட்டுல இப்ப வந்துருவாக" என்றார். நாற்பத்தாறு வருஷமாக அவர் வீட்டில் இருக்கிறவள் நான்தான். உட்கார் என்று சொன்னதால் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது?

வயதானால் இப்படித்தான் என்றார்கள். மறதி நோய் என்றார்கள். நானும் நம்பிவிட்டேன். அவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிகிறவரை இழுத்துக்கொண்டு சமைத்து, எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. போனில் என் குரலைக் கேட்ட மகள், மதுரையில் ஒரு முதியோர் இல்லத்தில் அவருக்கு இடம் பேசிவிட்டாள். பொங்கல் கழித்துக் கொண்டுபோய் விட வேண்டும். அவளைக் குறை சொல்ல மாட்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கே தெம்பு இல்லை.

அந்த ஞாயிறு பக்கத்து வீட்டில் அவரை விட்டுவிட்டு ஆராதனைக்கு வந்தேன். எல்லோரும் போன பிறகு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஜெபம் பண்ணினேன். "ஆண்டவரே, ஒன்று அவரை எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்ளும். இதற்கு மேல் என்னால் ஆகாது." இதுதான் என் ஜெபம். அழகான வார்த்தை ஒன்றும் இல்லை. ஆமென் சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும். அவருக்கு ஐந்து டாக்டர்கள். இருதயத்துக்கு மதுரையில் ஒருவர். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சிவகாசியில் ஒருவர். மூட்டு வலிக்கு ஒருவர், சிறுநீருக்கு ஒருவர், தூக்கம் வரவில்லை என்று தெருமுனையில் ஒருவர். ஒரு தடவை மதுரைச் சீட்டைப் பார்த்துவிட்டு சர்க்கரை டாக்டர், "அங்க போறதுன்னா எல்லாத்தையும் அங்கயே பாத்துக்கங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து ஒருவர் சீட்டை இன்னொருவர் கண்ணில் காட்டுவதில்லை. அவர்கள் கோபித்துக்கொள்வார்களே என்ற பயம்தான். வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்று கேட்டால், இல்லை சார் என்பேன். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்த வாய்.

கலந்துவிடக் கூடாதென்று மாத்திரைகளைத் தனித்தனியாக வைத்தேன். அச்சகத்தில் வேண்டாமென்று கழித்த பட்டாசுப் பெட்டிகள் வீட்டில் கிடக்கும். இருதயத்துக்கு ராக்கெட் பெட்டி, சர்க்கரைக்குப் பூச்சட்டிப் பெட்டி, மூட்டுக்குத் தரைச்சக்கரம், இப்படி ஐந்து. எந்த டாக்டரிடம் போகிறோமோ அந்தப் பெட்டியை மட்டும் எடுத்துப் போவோம். எவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறேன் என்று எனக்கு அதில் பெருமை வேறு.

நான் ஜெபித்த மூன்றாம் நாள் அவர் மறுபடி விழுந்து நெற்றியில் காயம். நம் சபையைச் சேர்ந்த நர்ஸ் செல்வி கட்டுப் போட வந்தாள். விருதுநகர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. கட்டுப் போட்டு முடித்து, அலமாரியில் அடுக்கியிருந்த பெட்டிகளைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் திட்டவில்லை.

"டீச்சர், அஞ்சு பெட்டியும் போறது ஒரு வயித்துக்குத்தான?" என்றாள்.

 அவளே அத்தனையையும் ஒரு மஞ்சப்பையில் கொட்டினாள். சீட்டுகளையும் போட்டாள். அவளுடைய ஆஸ்பத்திரியில் புதன்கிழமைதோறும் வயதானவர்களுக்கென்று டாக்டர்கள் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறார்களாம். நாளைக்கே வரச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கக் கூடாது என்பது மட்டும்தான் அவள் போட்ட நிபந்தனை.

போனோம். காலையில் போய் மத்தியானம் வரை பெஞ்சில் காத்திருந்தோம். உள்ளே ஒரே மேஜை. அந்த ஆஸ்பத்திரியின் இருதய டாக்டர், சர்க்கரை டாக்டர், வயதானவர்களைப் பார்க்கும் டாக்டரம்மா, மருந்து கொடுக்கிறவர், செல்வி. பையை மேஜையில் கவிழ்த்தார்கள். எங்கள் முன்னாலேயே அவர்களுக்குள் வாக்குவாதம். இதை நிறுத்தக் கூடாது என்றார் ஒருவர், நிறுத்தியே ஆகவேண்டும் என்றார் இன்னொருவர்.  இத்தனை வருஷமாக எந்தச் சண்டைக்குப் பயந்து மறைத்தேனோ அது கண்முன் நடந்தது. ஆனால் அது அவருக்காக நடந்த சண்டை.

கடைசியில் டாக்டரம்மா எனக்குப் புரியும்படி சொன்னார். இருதயத்துக்குக் கொடுத்ததில் நீர் பிரிக்கும் மாத்திரை இருந்தது. பிரஷர் மாத்திரைக்குள்ளும் வேறு பெயரில் நீர் பிரிக்கும் மருந்து இருந்தது. அதனால்தான் ஓயாமல் பாத்ரூம். அதை அடக்க ஒரு மாத்திரை, அதனால் குழப்பம். தூக்கம் கெட்டதற்கு இன்னொன்று. உப்பைக் குறைக்கச் சொன்னார்களே என்று நான் சாப்பாட்டில் அறவே உப்பை நிறுத்தியிருந்தேன். இரத்தத்தில் உப்பு அடிமட்டத்துக்குப் போயிருந்தது.

"மறதி நோயான்னு இப்பச் சொல்ல முடியாதும்மா. மொதல்ல இதைச் சரி பண்ணுவோம்" என்றார்.

நான் அங்கேயே அழுதேன். இவருக்கு இந்தக் கதி வர நானும் காரணம் என்று சொல்லி அழுதேன். மேஜையின் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் நீங்கள், தப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. எங்கள் ஐந்து டாக்டர்களுக்கும் அவர்களே போன் பண்ணிப் பேசினார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சிவகாசி சர்க்கரை டாக்டர் கூட, முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றுதான் கேட்டாராம்.

எட்டு நாள் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தார். உப்பை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டுமாம். பதினான்கு மாத்திரை ஆறாயிற்று. ஆறாம் நாள் காலை காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ன டீச்சரம்மா, சீனி போட மறந்துட்டியா? உனக்குத்தான் மறதி" என்றார். சர்க்கரைக்காரருக்கு எதற்குச் சீனி என்று வழக்கம்போலச் சண்டை போட வாயைத் திறந்தேன். முடியவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு வராந்தாவில் போய் நின்று ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அதுவும் பொய். இருதயம் பலவீனம்தான். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. சில பெயர்கள் இன்னும் அவருக்கு வருவதில்லை. எனக்கும் களைப்பு தீரவில்லை. ஆனால் ஒரே ஃபைல், ஒரே பை. வெள்ளிக்கிழமைதோறும் செல்வி போன் பண்ணி விசாரிக்கிறாள். முதியோர் இல்லத்தில் பேசிய இடம் வேண்டாம் என்று மகளே அங்கே சொல்லிவிட்டாள். ஐந்து பெட்டிகளில் இப்போது பொத்தான், நூல், ஊசி கிடக்கின்றன.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் அம்மாவோ அப்பாவோ இருந்தால் எல்லா மாத்திரையையும் ஒரே பையில் போட்டு, பார்க்கிற டாக்டர் முன்னால் கொட்டுங்கள். ஆண்டவர் முன்னாலும் அப்படியே கொட்டுங்கள். டாக்டர்களிடம் நான் மறைத்தேன், கெட்டது வந்தது. ஆண்டவரிடம் என் அசிங்கத்தை மறைக்காமல் சொன்னேன், மூன்றாம் நாள் கட்டுத்துணியோடு ஆள் அனுப்பினார். கேட்டதைக் கொடுக்காமல் விட்டதும் அவருடைய பதில்தான்.

இதை எழுதி முடித்ததும் பிழை பார்க்க என் கணவரிடம் கொடுத்தேன். கொடுக்கும் முன், அவரை எடுத்துக்கொள்ளும் என்று நான் ஜெபித்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டேன். அவருக்கு அது தெரியவே கூடாது என்றிருந்தேன். ஆனால் அடித்ததற்குள்ளும் வாசிக்கிற கண் அது. அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடித்த வரி மறுபடி வேண்டும் என்றால் அதன் கீழே வரிசையாகப் புள்ளி வைப்பார்கள். பென்சிலை எடுத்து, அந்த வரி முழுக்கப் புள்ளி வைத்தார்.

"இருக்கட்டும்" என்றார். "அதுக்குத்தான பதில் வந்துச்சு."