தண்ணித்தொட்டி ஆகாத படகு

மணிமொழி தன் பெரியப்பா ஆதிமூலத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தாள். அந்தக் கடன்தான் தினமும் விடியற்காலையில் அவள் தோளில் ஏறிக் கோமுகி அணைக்குப் போய்வந்தது. மூன்று ஆள் நீளம், குந்தக்கூட இடமில்லாத ஒடுக்கம். ஆலப்புழையில் யாரோ ஓட்டிக் கழித்த பந்தயப் படகு. கச்சிராயபாளையம் டீக்கடையில் ஒருவன் வாய் சும்மா இருக்காது.

"இன்னா மணி, யாரு வூட்டுக்குப் பாடை?"

"உன் வூட்டுக்குத்தான். அளவு எடுக்க வரட்டா?"

அவள் நடை மட்டும் நிற்காது.

இந்தப் படகில் வலது முட்டியை ஊன்றி, இடது காலை முன்னால் வைத்து, வலப்பக்கம் மட்டுமே துடுப்புப் போடுவாள். முட்டி செருப்புத்தோல் மாதிரிக் காய்த்துவிட்டது. வீட்டில் காய் அரிவதும் சோறு தின்பதும்கூட ஒரு முட்டி ஊன்றித்தான். வலது தோள் வேறு பருத்துப்போக, கள்ளக்குறிச்சியில் தையல்கடை வைத்திருக்கும் ஷாஜியா இரண்டு கைக்கும் தனித்தனியாக டேப் பிடிக்கிறாள்.

"ஒரு பக்கம் ஜாஸ்தி, ஒரு பக்கம் கம்மி. ரெண்டு பொம்பளைக்குத் தெக்கிற மாதிரி இருக்குடி."

"கூலி ஒருத்திக்குத்தான் குடுப்பேன்."

சென்னையில் கல்லூரி படிக்கும்போது ஒரு முகாமில் முதன்முதலாக இப்படியொரு படகில் ஏறினாள், ஏறியதும் கவிழ்ந்தாள். கவிழ்த்ததை விடக்கூடாது என்று பிடித்துக்கொண்டாள். அப்பா செல்லமுத்து குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவர். கையில் என்ன நிற்கும்? பெரியப்பா எடைமேடை வைத்திருக்கிறவர். கிழங்கு லாரிக்காரர்கள் நடுவில் அவளை நிறுத்தி, படகு வாங்கக் கேட்ட பணத்தை நோட்டு நோட்டாக ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டு எண்ணிக் கொடுத்தார்.

"மூணு வருசம். பணம் வரலன்னா படகு என் கொட்டாய்ல மாட்டுக்குத் தண்ணித்தொட்டி. நீட்டமா இருக்கு, எட்டு மாடு ஒண்ணா குடிக்கும்."

லாரிக்காரர்கள் சிரித்தார்கள்.

"மாட்டக் கட்டி வைங்க பெரியப்பா. தாகத்துலயே கெடக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கைநீட்டி வாங்கித் தலையெடுத்தவர்களுக்குத்தான் அந்தச் சிரிப்பு எத்தனை நாள் காதில் கிடக்கும் என்று தெரியும். அப்பன் சொத்தில் உட்கார்ந்து தின்பவர்களுக்குத் தெரியாது.

முதல் வருடம் தேசியப் போட்டியில் கடைசி. இரண்டாம் வருடம் எல்லைக்கோடு கண்ணில் படும்போது கவிழ்ந்து தண்ணீருக்குள். கொட்டாயில் பெரியப்பா தொட்டிக்கு இடத்தையே பெருக்கி வைத்துவிட்டார் என்று சேதி வந்தது. அணை வற்றிய மாதங்களில் மணிமொழி கூலிக்கு மரவள்ளிக் கிழங்கு பிடுங்கினாள். கால் ஊன்றி, குனிந்து, ஒரே இழுப்பு. மூன்றாம் வருடம் போபால் ஏரியில் இருநூறு மீட்டர். ஒரு நிமிடம்கூட ஆகாத ஓட்டம். அதில் முதலாவதாக வந்தவள் இவள்தான்.

பயிற்சியாளர் யார் என்று கேட்ட பத்திரிகைக்காரருக்கு அவள் பதில்: "கெழங்குதான் சார். நான் இஸ்துக்கினு இருந்தேன், அது வர மாட்டேன்னு இருந்துச்சு."

ஊரில் பாராட்டு விழா. ஆதிமூலம் சால்வை போர்த்தி மைக்கைப் பிடித்தார். "எங்க வூட்டுப் பொண்ணு. என் காசுலதான் அந்தப் படகே ஓடுச்சு!" மணிமொழி சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பரிசுப் பணம் வந்ததும் எடைமேடைக்குப் போனாள். லாரிகள் வரிசையில் நின்றன. பெரியப்பா போனை எடுத்தார்.

"ஜிபேல போட்டுடு கண்ணு. இன்னாத்துக்கு இங்க வந்துக்கினு?"

"நீங்க எண்ணித்தான குடுத்தீங்க? கைய நீட்டுங்க."

"மெதுவா சொல்லும்மா. ஆளுங்க பாக்கறாங்க."

"அன்னிக்கும் பாத்தாங்க."

ஒரு டிரைவர் இன்ஜினை நிறுத்தினான். பெரியப்பா சுற்றிலும் பார்த்தார். பிறகு உள்ளங்கையை விரித்தார். மணிமொழி நோட்டுக் கட்டைப் பிரித்தாள். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, லாரி வரிசையின் கடைசிவரை கேட்கும்படி "ஒண்ணு" என்றாள். பாதியில் அவர் விரல்கள் மடங்கப் பார்த்தன. "இன்னும் இருக்கு பெரியப்பா" என்றாள். விரல்கள் விரிந்தன. கடைசி ஐந்நூறு ரூபாய் நோட்டை அந்தக் குவியலின்மேல் வைத்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள்.