மாத்திரைக்கு ஒரு டீ

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து, தண்ணீர் ஊற்றிக் கலைத்த எறும்பு வரிசை மாதிரி இருக்கும். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றது. எந்த இடத்தில் எந்த ‘ர’ வரும் என்பது இன்றைக்கும் எனக்குக் குத்துமதிப்புதான். வாயால் சொல்லலாமே என்றால், அது இதைவிட மோசம். ராஜபாளையத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் டீ மாஸ்டராக நிற்கிறேன். வருகிறவர்களெல்லாம், “வீட்ல எப்படி இருக்காக? எதைக் குடுத்து ரத்தம் ஏறுச்சு?” என்று கேட்கிறார்கள். தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலிக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ரத்தம் போய்ப் போய், சேத்தூரில் எங்கள் தெருக் குழாய்வரை நடந்தாலே அவளுக்கு மூச்சு வாங்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம், ஆனால் ரத்தம் பத்துக்கு வரவேண்டும் என்றார்கள். அவளுக்கு இருந்தது ஏழு. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த தடவை போனபோது ஏழரை.

“ஏழரையா? எண்ணே சரியில்லையே” என்றாள் அவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு யாரிடமும் யோசனை கேட்கக் கூச்சம். அதனால் காலியான மாத்திரை அட்டையைச் சீனி டப்பாவுக்குப் பக்கத்தில் சும்மா வைத்தேன். மில்லில் ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர் தினமும் முதல் டீக்கு வருவார். அவர் கண்ணில் பட்டது.

“மாஸ்டர், முருங்கைக்கீரைய மரத்துல விட்டுட்டு மாத்திரைய முழுங்குதீகளா?”

பக்கத்தில் லாரி ஆபீஸ்காரர். ஜிம்முக்குப் போகிறவர், கை ஒவ்வொன்றும் என் தொடை அளவு இருக்கும். “கீரையெல்லாம் எம்புட்டு திங்க முடியும் பெரியப்பா? புரோட்டீன் பவுடர பால்ல கலக்கிக் குடுங்க மாஸ்டர். ரெண்டே மாசம்.”

“ஒன் டப்பாவப் பார்த்தேன்லே. குதிரைப் படம் போட்டிருக்கான். ஒனக்கா, குதிரைக்கா?”

“ரெண்டு பேருக்கும் ஆகும்.”

டீ ஆறும்வரை சண்டை நடந்தது. நான் எல்லாவற்றையும் வாங்கினேன். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழ சிரப், குதிரைப் படம் இல்லாத பவுடர், நாட்டு மருந்துக் கடையில் யாரோ கைகாட்டிய, பெயர் எழுதாத ஒரு பச்சைப் பொடி. என் மனைவி பையைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

“என்னைய என்ன கல்யாண வீட்டு அண்டான்னு நினைச்சீகளா, அம்புட்டையும் ஊத்த?”

ஆனாலும் சாப்பிட்டாள். மாத்திரையை மட்டும் நான் வரும்வரை எடுத்துவைப்பாள். மதியம் கடை முடிந்ததும் நான் பிளாஸ்க்கில் டீ கொண்டுபோவேன். கல்யாணமான நாளிலிருந்து பழக்கம். வாய்விட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாதவன், இஞ்சி தட்டிப் போட்ட டீயைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். சாப்பிட்டுவிட்டு, அந்த டீயில்தான் மாத்திரையை விழுங்குவாள். இரும்பு வாடை தெரியாது என்பாள்.

மூன்றாவது தடவை ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கையில் மாத்திரை நேரம் வந்தது. பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றினாள், மாத்திரையைப் போட்டுக்கொண்டாள், ஒரு மடக்கு குடித்தாள். அந்தப் பக்கமாக வந்த நர்ஸ் நின்றுவிட்டார்.

“எக்கா, டீ காபியோட போடக் கூடாதுன்னு அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?”

“சொன்னீக. நான் கடை டீயில கூடாதுன்னுல்ல நினைச்சேன். இது அவிய போட்டது” என்று என் பக்கம் கையைக் காட்டினாள்.

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெஞ்சுக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது.

“அண்ணன் போட்டாலும் டீ டீதான்க்கா. மாத்திரையில உள்ள சத்த உடம்புல சேர விடாது.”

“அவிய டீய ஒண்ணும் சொல்லாதீக” என்றாள். ஒரு சொட்டு ரத்தம் இல்லாத முகத்தில் கோபம் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

ரிசல்ட் எட்டு. நர்ஸ் எங்களை உட்காரவைத்து, என்னவெல்லாம் சாப்பிடுகிறாள் என்று பொறுமையாகக் கேட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னார். கீரை சாப்பிடலாம். பவுடரும் பாலும் மாத்திரையோடு வேண்டாம், டாக்டரிடம் கேட்டு வேறு நேரத்தில் குடிக்கட்டும். பெயர் தெரியாத பொடி ஆபரேஷன் முடிகிறவரை வேண்டவே வேண்டாம். மாத்திரைக்கு எலுமிச்சை ஜூஸ் நல்லது. டீ குடிக்க ஆசையாக இருந்தால் இரண்டு மணி நேரம் தள்ளி.

மறுநாள் மதியம் பிளாஸ்க் இல்லாமல் வீட்டுக்குப் போனேன். சட்டை போடாமல் போன மாதிரி இருந்தது. நாலு எலுமிச்சம்பழம் கொண்டுபோயிருந்தேன். பிழிந்து கொடுத்தேன். கை சும்மா இருந்ததால், பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அந்த நேரத்தில் நான் உட்கார்ந்ததில்லை. டீயை வைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவேன். கடையில் பெரியவரும் லாரி ஆபீஸ்காரரும் போட்ட சண்டையைச் சொன்னேன். குதிரை வந்த இடத்தில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

அப்புறம் ஒன்பது. அப்புறம் பத்தேகால். பக்கத்தில் மடவார் வளாகம் கோயிலில் வைத்தியநாதரைக் கும்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். கட்டியை எடுத்துவிட்டார்கள். இப்போது குழாய்க்கு நடந்துபோய், அங்கே நின்று சண்டையும் போடுகிறாள்.

மாத்திரை இன்னும் கொஞ்ச நாளைக்கு உண்டு. அதனால் டீ சாயங்காலம்தான். நேற்று முதல் தடவையாக எங்கள் வீட்டு அடுப்பில் நான் டீ போட்டேன். அவள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் நூற்றுக்கணக்கில் போடுகிற கைக்கு அளவு தவறி, சீனி கூடிப்போனது. முழுவதும் குடித்தாள்.

“கடை டீ அளவுக்கு இல்ல” என்றாள். பிறகு தம்ளரைக் கழுவிக்கொண்டே, “நாளைக்கும் போடுங்க.”

இதோ, அடுப்பில் பால் பொங்குகிறது.

ஐப்பசி 9, ஞாயிற்றுக்கிழமை