கிணறு பல்லைக் கடித்த கோடை

எனக்கு ஒன்பது வயதானபோது எங்கள் திராட்சைத் தோட்டத்துக் கிணறு பல்லைக் கடிக்க ஆரம்பித்தது.

அதற்கு முந்தைய வருடம்தான் சித்தப்பா அந்தக் கிணற்றில் தூர் வாரும்போது கால் வழுக்கி விழுந்து இறந்துபோயிருந்தார். சத்தம் தொடங்கிய கோடையில் தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே போனது. கிணற்றின் பாதி ஆழத்தில் பாறைத் திட்டின் மேல் மோட்டார் இருந்தது. மதியம் கரண்ட் வந்து அதைப் போட்டால், கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து நறநறவென்று சத்தம் எழும். யாரோ ஜல்லியை வாயில் போட்டு மெல்வது போல. களை எடுக்க வந்த பெண்கள் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்கள்.

சித்தி மட்டும் தினமும் வந்து கிணற்றடியில் உட்கார்ந்தாள். ஒருநாள் என்னிடம் சாதாரணமாகச் சொன்னாள்: "அவுக தூக்கத்துல இப்பிடித்தான் பல்லக் கடிப்பாக."

அன்றிலிருந்து மோட்டார் ஓடும்போதெல்லாம் நான் பயந்து காதைப் பொத்திக்கொண்டேன். சித்தியும் பயத்தில்தான் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு ஒரு மதியம், மேலே குழாயில் இருந்த வால்வைப் பாதி மூடினேன். சத்தம் அடங்கிவிட்டது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீரும் கொஞ்சமாக வருகிறது, கடிப்பது மட்டும் இல்லை. உள்ளே இருப்பவர் என் சொல்லுக்கு வாயை மூடிக்கொண்டது போலிருந்தது.

சித்தி எழுந்து கிணற்றுக்குள் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னடி செஞ்ச?"

"வால்வ மூடுனேன் சித்தி."

"தெறந்து விடுத்தா."

திறந்தேன். மறுபடி கடித்தது. சித்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த வாரமே தண்ணீர் ஏறாமல் கொடிகள் வாடத் தொடங்கின. அப்பா கம்பம் டவுனிலிருந்து மெக்கானிக்கை அழைத்து வந்தார். அவர் பம்பைப் பிரித்து, தண்ணீரைத் தள்ளும் வெண்கலச் சக்கரத்தை வெளியே எடுத்தார். உள்ளே கல் ஒன்றுகூட இல்லை. ஆனால் சக்கரம் கரையான் தின்ற பலகை மாதிரி குழிகுழியாக இருந்தது.

"குமிழி தின்னுருக்குண்ணே," என்றார் மெக்கானிக். "தண்ணி ரொம்பக் கீழ போயிருச்சு. எக்கி இழுக்கையில உள்ள குமிழி குமிழியாக் கெளம்பும். சக்கரத்த ஒட்டி வந்து அமுங்கி வெடிக்கும். ஒவ்வொண்ணும் ஊசி குத்துன மாதிரி ஒரு பொட்டுப் பேத்துட்டுப் போயிரும். மோட்டார இன்னும் எறக்கி வைங்க, சத்தம் நின்னுரும்."

"வெறும் குமிழியா?" என்று சித்தி கேட்டாள்.

"ஆமாக்கா. வேற ஒண்ணுமில்ல."

புதுச் சக்கரம் போட்டு, தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்த திட்டுக்கு மோட்டாரை இறக்கினார்கள். கொடிகள் பிழைத்தன. கிணற்றிலிருந்து மோட்டாரின் இரைச்சல் மட்டுமே வந்தது.

நான்காம் நாள் சித்தி துணிப்பையோடு ஆண்டிபட்டியில் இருந்த தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். யார் சொல்லியும் கேட்கவில்லை. பஸ் ஏற்றிவிட நானும் போயிருந்தேன்.

"இனிமே பயப்பட வேணாம் சித்தி," என்றேன். "அந்தச் சத்தம் வரவே வராது."

அவள் தோட்டம் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "ஆமாத்தா," என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

நல்ல சேதி சொல்லி அனுப்பிய சந்தோஷத்தில், பஸ் திருப்பத்தில் மறையும்வரை நான் கையாட்டிக்கொண்டே நின்றேன்.