கொட்டகைக் கூரையில் ஓர் ஓட்டை

கிரேன்காரருக்கு வயிறு எரிந்தது. துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர் அவர். அந்தத் துறைமுகத்தைக் குட்டி ரயில், குட்டிக் கப்பலோடு பலகையில் மாதிரியாகச் செய்து பேர் வாங்கியதோ அவருடைய சகலை, அங்கே சரக்குக் கொட்டகையில் உட்கார்ந்து சீட்டெழுதிய ஆள். மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வேகன் கதவுல தாழ்ப்பாள்கூட இருக்குங்க" என்றாள்.

"தாழ்ப்பாள், பெரிய தாழ்ப்பாள்" என்றவர் மறுநாளே அட்டையும் கத்தரியுமாக உட்கார்ந்துவிட்டார்.

மூன்று மாதத்தில் அவருடைய துறைமுகமும் தயாரானது. வேகன்களின் மேல்பக்கம் அச்சு அசல். பக்கவாட்டில் மட்டும் வெறும் அட்டை. உயரத்தில் கிரேன் கூண்டிலேயே காலம் தள்ளியவர் வேகன் கதவை எங்கே கண்டார்? குட்டு வெளிப்படாமலிருக்க, பலகையைத் தரையில் வைத்துவிட்டுச் சகலையைக் கூப்பிட்டார்.

சகலை நின்றபடியே வெகுநேரம் பார்த்தார். கிரேன்காரருக்கு உச்சி குளிர்ந்தது. அப்புறம் சகலை குனிந்து, தான் வேலை பார்த்த கொட்டகையின் கூரையைத் தொட்டார்.

"இது என்ன, ஓட்டையா?"

"ஆமா சகலை. தகரம் பிஞ்சிருந்த இடம். அளவு தப்பாது."

"கூரைக்கு அடியில பலகை அடிச்சிருந்ததால, எங்கேருந்து ஒழுகுதுன்னே தெரியாம வருஷக்கணக்கா நனைஞ்சேன். மேலேருந்து பார்த்துக்கிட்டேதான் இருந்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லலையே."

கிரேன்காரர் கூரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"நான் வெயில்ல வெந்தப்போ நீங்க நிழல்லதானே இருந்தீங்க."