முள்ளில்லாத ஊமத்தை

சுதந்திரம் கிடைத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த சமயம். மைசூரில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் செய்முறை வகுப்பு நடத்தும் டெமான்ஸ்ட்ரேட்டராக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் பேராசிரியர் ஊமத்தைச் செடியை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஒரு ஜீன் மாறினால் செடியில் என்ன மாறுகிறது என்று பார்க்க வெளிநாடுகளிலும் அப்போது இந்தச் செடியை வளர்த்தார்கள்.

ஊமத்தங்காய் என்றால் உடம்பெல்லாம் முள் இருக்கும் அல்லவா? எங்களிடம் ஒரு ரகம் இருந்தது. ஒரே ஒரு ஜீன் மாறியதால் அதன் காயில் முள்ளே கிடையாது. இரண்டு ரகத்தையும் கலந்து, பூக்களுக்குக் காகித உறை மாட்டி, பிறக்கும் செடிகளில் எதில் முள் வருகிறது என்று பார்ப்பது என் வேலை. வழுவழுவென்ற அந்தக் காயைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

எங்கள் அடுத்த வீட்டில் கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்த் தம்பதி புதிதாகக் குடிவந்திருந்தார்கள். கணவருக்கு ஊருக்கு வெளியே மர அறுவை மில்லில் வேலை. மனைவிக்கு என்னைவிட இரண்டொரு வயது குறைவு. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு சனிக்கிழமை, அரை நாள் கல்லூரி முடிந்து வந்தேன். அந்தப் பெண் வாசலில் நின்று காற்றில் நூல் பிடித்து இழுப்பதுபோல விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். கண் பாப்பா கருவிழி முழுவதும் விரிந்துபோயிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

என்ன சாப்பிட்டாய் என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். முறத்தில் நான்கைந்து பச்சைக் காய்கள் மிச்சமிருந்தன. பார்க்கப் பிஞ்சுக் கத்தரிக்காய்தான். ஆனால் எங்கள் முள்ளில்லாத ஊமத்தங்காயை எனக்கு அடையாளம் தெரியாதா? சட்டியில் புளி ஊற்றி வதக்கிய கறி அடிப்பிடித்துக் கிடந்தது.

பழைய தொட்டி மண்ணைக் கல்லூரிச் சுவருக்கு வெளியே கொட்டுவார்கள். அதில் விதை விழுந்து மழைக்கு முளைத்திருக்கிறது. எங்களில் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அதைத்தான் இவள் கத்தரி என்று பறித்து வந்திருக்கிறாள்.

எதிர்வீட்டு அக்கா நர்ஸ். அன்று அவருக்கு விடுமுறை. நான் போட்ட சத்தத்தில் ஓடிவந்து, விஷயத்தைக் கேட்டதும் ஆஸ்பத்திரிக்கு ஜட்கா பிடித்து அவளை ஏற்றினார். வண்டி கிளம்பும்போதுதான் எனக்கு அவள் கணவரின் ஞாபகம் வந்தது. அவருக்கும் இந்தக் கறியைக் கொடுத்தாயா என்று கேட்டேன். எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"டிபன் கேரியர்ல வெச்சுக் குடுத்துட்டேனுங்க."

அப்பாவின் சைக்கிளை எடுத்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மில்லுக்கு மிதித்தேன். பாதி வழியில் மில்லின் சங்கு ஊதியது. சாப்பாட்டுச் சங்கு. மேட்டில் சைக்கிள் ஏறவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு ஓடினேன். வாசலில் காவலாளி மறித்து, பெண்களை உள்ளே விட முடியாது என்றார். அவரோடு மன்றாடிக்கொண்டிருந்தபோதே மறுபடியும் சங்கு ஊதி, ரம்பம் ஓடத் தொடங்கிவிட்டது. அவர் திரும்பிப் பார்த்த நேரத்தில் உள்ளே புகுந்துவிட்டேன்.

ரம்பத்துக்கு முன்னால் அவள் கணவர் நின்றிருந்தார். மரத்தைத் தள்ளுகிற கை தடுமாறியது. கூப்பிடலாமென்று வாயைத் திறந்தேன்; சத்தம் கேட்டுத் திரும்பினால் கை எங்கே போகுமோ என்று பயந்து மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த மேஸ்திரியிடம் ஓடி, கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னேன். பாதி மரம் அறுபட்டுக்கொண்டிருக்கிறது, நடுவில் நிறுத்த முடியாது என்றார் அவர்.

"முதல்ல மிஷினை நிறுத்துங்க. அப்புறம் என்னை எவ்வளவு வேணாலும் திட்டுங்க. அவர் கண்ணை ஒரு தடவை பாருங்க, போதும்."

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். அடுத்த கணம் ஓடிப்போய் விசையை இழுத்தார். பெல்ட் தொய்ந்து ரம்பம் வேகம் குறைந்தது, நிற்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து அவள் கணவர், பலகைமேல் எதையோ பொறுக்கப் போவதுபோலக் குனிந்து கையை நீட்டினார். அங்கே ஒன்றுமே இல்லை. மேஸ்திரி பின்னாலிருந்து இடுப்பைக் கட்டி இழுக்க, இரண்டு பேருமாக மரத்தூளில் விழுந்தார்கள்.

மில் லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இருவருக்கும் வயிற்றைக் கழுவினார்கள். என்ன விஷம் என்று முன்பே தெரிந்ததால் தாமதமாகவில்லை என்று டாக்டர் சொன்னார். கணவர் சீக்கிரம் தெளிந்துவிட்டார். அவளுக்குத்தான் மறுநாள்வரை சுவரெல்லாம் எறும்பு ஊர்ந்தது.

பேராசிரியரிடம் சொன்னேன்.  அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு என்னோடு வந்து, சுவரோரம் முளைத்திருந்த செடிகளைத் தானே வேரோடு பறித்துத் தீயிட்டார்.

அவள் வீடு திரும்பியதும் பார்க்கப் போனேன். ஊமத்தையைக்கூடத் தெரியாதா என்று யாரோ கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள்.

"ஊமத்தை எனக்குத் தெரியாதுங்களா அக்கா? எங்க காட்டோரமெல்லாம் அதுதானுங்க. ஆனா அதுல முள்ளு இருக்குமுங்களே. இதுல இல்லீங்களே."

 அது எங்கள் கல்லூரிச் செடி, தப்பு உன்னுடையதில்லை என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

பிறகு எத்தனையோ செடிகளோடு வேலை செய்துவிட்டேன். இப்போதும் புதிதாக ஒன்றைக் கையிலெடுக்கும்போதெல்லாம், இது சுவருக்கு வெளியே முளைத்தால் யார் அடுக்களைக்குப் போகும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்காமல் என்னால் அடுத்த வேலைக்குப் போக முடிவதில்லை.