நின்ற பிறகும் கேட்ட காலடி

அம்மா கட்டாருக்கு வேலைக்குப் புறப்பட்ட அன்று புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனார். பழைய செருப்பு வாசலில் கிடந்தது. ஆள் பயணம் போன கையோடு வீடு கூட்டக் கூடாது என்பதால் அப்பா மறுநாள்தான் கூட்டினார். செருப்பை அசைக்காமல் அதைச் சுற்றிக் கூட்டினார். பிறகு அதுவே எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

அதைத் துணிந்து தொட்டவன் அண்ணன். புளியந்தீவில் நடக்கவிருந்த பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக அவன் கணினியில் ஒரு விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தான். அந்தக் காலத்தில் காசு போட்டு ஆடிய பெட்டிகளில் வருவது போன்ற விளையாட்டு. சதுரம் சதுரமான ஒரு பொம்மைப் பெண் வாவிக்கரையில் முதலைக்குத் தப்பி ஓடி வீட்டு வாசலை அடைய வேண்டும். அவ்வளவுதான் கதை. அண்ணனின் பெருமையோ வாவியை விடப் பெரிது.

காலடிச் சத்தத்துக்காக, அம்மாவின் செருப்பை எனக்கு மாட்டிவிட்டு, சீமெந்துத் தரையில் நடக்கவிட்டு, கைபேசியில் பதிந்தான். வார் அறுந்து ஊசி குத்தியிருந்ததால் ஒரு செருப்பு இழுபடும். டப், சரக். டப், சரக். அம்மா சந்தையால் வரும்போது வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை முனையிலேயே கேட்கிற அதே சத்தம்.

பொம்மை மெல்ல நடக்கும்வரை எல்லாம் சரியாக இருந்தது. ஓடத் தொடங்கினால் சத்தம் பின்தங்கியது. அடிக்கொரு சத்தம் என்று எழுதியிருந்தான். ஆனால் ஒன்று முடியாமல் அடுத்தது தொடங்காது. மிச்சமெல்லாம் வரிசையில் காத்து நின்று, பொம்மை வாசலில் நின்ற பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டன.

அண்ணன் தலையில் கை வைத்தான். எனக்கோ அந்தப் பிழைதான் வேண்டியிருந்தது. கண்ணை மூடினால் அம்மா வந்துகொண்டிருந்தார்.

“அதைத் திருத்தாத அண்ணா.”

“பொம்ம நிண்ட பிறகு ஆரு புள்ள நடக்கிற? பாக்கிற ஆக்கள் சிரிப்பாங்க.”

“அம்மா நடக்கிறா.”

அவன் தலையிலிருந்து கையை எடுத்தான். “சரி, இரிக்கட்டும்,” என்றான்.

அடுத்த நாள் பின்னேரம் ஒலிபெருக்கி பூட்டிச் சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தோம். அப்பா வீட்டுக்குப் பின்னால் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பொம்மை ஓடி வந்து நின்றது. டப், சரக். டப், சரக்.

அப்பா ஓடி வந்தார். விளையாட்டுப் பார்க்க வந்துவிட்டார் என்று எனக்குச் சந்தோசத்தில் ஒரே புழுகம்.

“அப்பா, இஞ்ச வாங்க, நான் ஓட்டிக் காட்டுறன்!”

“ஓம் மகள், வாறன்,” என்றார். ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. நேரே வேலிக் கடப்புக்குப் போய் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வலை ஊசி கையிலேயே இருந்தது.

அண்ணன் எழுந்து ஒலிபெருக்கியை நிறுத்தினான். செருப்பைக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்தான். பிறகு உட்கார்ந்து எழுதத் தொடங்கினான். பொம்மை விரைந்தால் சத்தமும் விரைந்தது. பொம்மை நின்ற கையோடு சத்தமும் நின்றது. காத்து நின்ற காலடிகள் எல்லாம் அழிந்துபோயின.

நான் நிலத்தில் உருண்டு அழுதேன். கண்காட்சிதான் அவனுக்குப் பெரிது என்று திட்டினேன்.

“பிழை எண்டா திருத்தத்தானே வேணும் புள்ள,” என்றான், என் பக்கம் திரும்பாமல்.

ஓட்டமும் சத்தமும் அச்சொட்டாகப் பொருந்துகின்றன என்று கண்காட்சியில் எல்லோரும் பாராட்டினார்கள். அவன் சிரிக்கவே இல்லை. தலைக்கனம் என்று நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா கட்டாரிலிருந்து தொலைபேசி எடுத்தபோது கோள் சொல்ல முந்திக்கொண்டேன். அவருடைய செருப்புச் சத்தத்தை அண்ணன் அழித்த கதையைச் சொன்னேன். அப்பாவுக்கு அந்தச் சத்தம் எவ்வளவு விருப்பம் தெரியுமா, வேலையைப் போட்டுவிட்டுக் கடப்படிக்கே ஓடிப் போனார் என்றும் சொன்னேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து, “ஹலோ, அம்மா, கேக்குதா?” என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன்.